காரைக்குடியிலிருந்து முட்டம் வரை கேம்பர் வேனில்: எங்கே நடப்பது, எங்கே சாப்பிடுவது, எங்கே தூங்குவது

நீங்கள் கேட்டிருப்பது இது. காரைக்குடியில் கேம்பர் வேனை எடுத்து, தொண்டியில் கடலைத் தொட்டு, கரையை ஒட்டியே கன்னியாகுமரி தாண்டும் வரை ஐந்து நாளில் போய்வர முடியுமா? நீங்கள், மனைவி, எழுபதை நெருங்கும் அப்பத்தா என்று மூன்று பேர். பாறைக்கரையில் நடக்க வேண்டும், அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். வண்டியை வாடகைக்கு எடுப்பதா, வீட்டில் இருக்கும் வேனையே மாற்றிக்கொள்வதா என்பது கூடவே வந்த கேள்வி. போகலாம், ஆனால் ஐந்து நாள் பத்தாது. நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்படும் பாறைக்கரை தொண்டியில் தொடங்குவதில்லை. வாலிநோக்கத்தில் கொஞ்சம் பாறை உண்டு. அதை விட்டால் மணப்பாடு வரை சேறு, மணல், அலையாத்தி, உப்பளம்தான். ஐந்து நாளும் சமமாகப் பிரித்தால் நாலாவது நாள்தான் முதல் பாறையில் கால் வைப்பீர்கள்.

தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்புவதையும் சேர்த்தால் முட்டம் வரை 500 கிலோமீட்டருக்கு மேல். எட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டி, காரங்காடு பக்கம் ஒன்று, ராமேஸ்வரம் தீவில் இரண்டு, கீழக்கரையிலிருந்து தூத்துக்குடி வரை ஒன்று, திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் இரண்டு, கன்னியாகுமரி, முட்டம் ஒன்றரை, மிச்ச அரை நாள் வீடு திரும்ப. ஐந்து நாள்தான் லீவு என்றால் பாக் நீரிணைப் பக்கத்தை இன்னொரு சனி ஞாயிறுக்குத் தள்ளிவிட்டு, மதுரை வழியாக நேரே தூத்துக்குடிக்கு இறங்கி அங்கிருந்து தொடங்குங்கள். தொண்டி உங்களுக்கு எப்போது வேண்டுமானாலும் ஒன்றரை மணி நேரத் தூரம்தானே.

மாதம் முக்கியம். தை, மாசி, பங்குனி முதல் பாதி, அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை இந்தக் கரைக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து பாக் நீரிணைப் பக்கம் கலங்கிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று எழுந்தால் மன்னார் வளைகுடாவும் குமரிப் பக்கமும் கொந்தளிக்கும், பாக் நீரிணை அடங்கியிருக்கும். தனுஷ்கோடியில் ஒரு பக்கத்தை ஆண் கடல், மறுபக்கத்தைப் பெண் கடல் என்று சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் வாடை அடிக்கும் மாதங்களில் பெண் கடலும் சும்மா இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலைதான் ஏறியிருக்கும். ராமேஸ்வரத்தில் தை அமாவாசை, ஆடி அமாவாசை, குலசேகரப்பட்டினம் தசரா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், கன்னியாகுமரியில் ஐயப்ப சீசன் ஆகிய நாட்களில் பெரிய வண்டியை நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

வண்டியைப் பற்றி. வாடகைக்கு எடுத்தால் நம்பர் பலகையைப் பாருங்கள். நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். டிரைவரோடு வருவதென்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வேனுக்கு இலகுரக வாகன உரிமம் போதும். சொந்த வேனை மாற்றுவதானால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது, மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் ஏற வேண்டும். இதுவரை சந்தேகமில்லை. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, கழற்றி மாட்டக்கூடிய மரப்பெட்டியும் மெத்தையும் போட்டால் அது மாற்றமா, வெறும் சாமானா என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். என் தீர்ப்பு: முதல் பயணத்துக்கு வாடகை. எட்டு நாள் படுத்து எழுந்த பிறகுதான் கட்டில் எந்தப் பக்கம் வேண்டும், அடுப்பு எங்கே வேண்டும் என்று தெரியும். அதற்கு முன்னால் ஆசாரியைக் கூப்பிட வேண்டாம்.

வேனுக்குள் தண்ணீரும் கரண்டும்தான் கணக்குப் பார்க்க வேண்டியவை. குளியலைச் சொம்புக் குளியலாகச் சுருக்கினாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் ஆகும். மூன்று பேருக்கு 60, இரண்டு நாளைக்கு 120 லிட்டர். அது 120 கிலோ எடை என்பதை மறக்கக் கூடாது. தொட்டியைத் தரையோடு, பின் அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பின் கதவை ஒட்டி வைத்தால் வளைவில் வண்டி வாலை ஆட்டும். ராமநாதபுரம் கரையோரம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு, சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்குக்கு முதல் நாளே வித்தியாசம் தெரிந்துவிடும். குடிக்க இரண்டு 20 லிட்டர் கேன் தனியாக இருக்கட்டும். தொட்டித் தண்ணீர் கழுவ மட்டும்.

கரண்டில், 40 லிட்டர் 12 வோல்ட் பிரிட்ஜ் நம் வெயிலுக்கு ஒரு நாளில் 500 வாட் மணி வரை இழுக்கும். 25 வாட் மின்விசிறி இரண்டு, ராத்திரி ஒன்பது மணி நேரம் ஓடினால் 450. விளக்கு, போன் சேர்ந்தால் 1,000 தாண்டும். 200 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கிட்டத்தட்ட 2,500 வாட் மணி தரும், இரண்டு ராத்திரிக்குப் போதும். கூரையில் 300 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் செலவான ஒரு நாள் கரண்ட் திரும்பி வந்துவிடும். ஏசி வேண்டும் என்றால் கதை வேறு. ஒரு டன் ஏசி ராத்திரி முழுக்க ஐந்தாறு யூனிட் தின்னும், அதற்கு இதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். தை, மாசியில் ஏசி தேவைப்படாது. இரண்டு பக்க ஜன்னலிலும் கொசுவலை அடித்து, கடல்காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறும்படி வண்டியைக் குறுக்காக நிறுத்தினால் போதும். இன்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்குவது மட்டும் கூடவே கூடாது. புகை வாசனை தெரிவதற்கு முன்பே ஆள் மயங்கிவிடுவார்.

அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர். இரண்டு வேளை சமைத்தாலும் எட்டு நாளைக்கு மிச்சப்படும். காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் வைத்த பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்று நம்பி இருக்கக் கூடாது. ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடுங்கள். அப்பத்தா வருவதால் கையடக்கக் கழிப்பறை அவசியம். 20 லிட்டர் தொட்டி உள்ளது மூன்று பேருக்கு ஒன்றரை, இரண்டு நாள் வரும். அதைப் பெட்ரோல் பங்க் அல்லது விடுதிக் கழிப்பறையில் கேட்டுவிட்டுக் கொட்டுங்கள், மணலில் புதைக்காதீர்கள். வேன் படியின் உயரத்தையும் பாருங்கள். டெம்போ டிராவலர் வகை வண்டியின் முதல் படி வயதானவர் முழங்காலுக்கு உயரம். ஒரு கெட்டி மரப்பலகையும், உள்ளே ஏறிப் பிடிக்கக் கம்பியும் இருந்தால்தான் ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பாமல் அவர் இறங்குவார்.

ராத்திரி நிறுத்தும் இடத்தில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வெளிநாட்டுப் படங்களில் வருவது போலக் கடலைப் பார்த்து நிறுத்திவிட்டுத் தூங்குவது இந்தக் கரையில் நடக்காது. இலங்கை பக்கம் என்பதால் கடத்தலைத் தடுக்கக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ராத்திரி ரோந்து வரும். ஆளில்லாக் கரையில் வேன் நின்றால் எழுப்பி விசாரிப்பார்கள், அது அவர்கள் வேலை. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளப் பணி. இந்தப் பக்கங்களில் நிறுத்துவதையும் டிரோன் பறக்கவிடுவதையும் நினைக்கவே வேண்டாம். நடைமுறையில் உதவுவது மூன்று வழி. சுற்றுச்சுவர் உள்ள விடுதியில் ஒரே ஒரு அறை எடுத்து, வண்டியை உள்ளே நிறுத்தி, குளியல், கழிப்பறை, பேட்டரி சார்ஜ் எல்லாவற்றுக்கும் அந்த அறையை வைத்துக்கொள்வது முதல் வழி. ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதிகள் உண்டு, முன்கூட்டிப் பேசுங்கள். இரண்டாவது, ஊருக்குள் பேசி அனுமதி வாங்கிக் கோயில் அல்லது தேவாலய மைதானத்தில் நிறுத்துவது. மூன்றாவது, பிரதான சாலையில் லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்க். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒன்பது மணிக்குப் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

முதல் நாள் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி. அங்கிருந்து தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். அப்பத்தாவும் ஏறி உட்காரலாம், வெயில் ஏறுமுன் போங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் பார்த்துவிட்டுப் பாம்பன் பாலம் ஏறலாம். 1988இல் திறந்த சாலைப்பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதை எல்லாரும் செய்கிறார்கள், காற்று பிடிக்கும் உயரமான வேனை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யாதீர்கள்.

தனுஷ்கோடியில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை. நடுவில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயமும் ரயில் நிலையமும். நடக்க விரும்பினால் இடிந்த ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து முனை வரையுள்ள 4.5 கிலோமீட்டரைத் தெற்குக் கரையோரமாக, அலை நனைத்த இறுகிய மணலில் நடங்கள். ஒருவர் வேனை முனைக்குக் கொண்டுவந்துவிட்டால் திரும்பி நடக்க வேண்டாம். நிழல் என்பது மருந்துக்கும் கிடையாது. ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், காலை ஒன்பது மணிக்குள் நடையை முடிப்பது நல்லது. நீரோட்டம் பொல்லாதது, முனையில் கணுக்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். மாலையில் சோதனைச் சாவடியில் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். நேரம் அவ்வப்போது மாறும், காலையிலேயே கேட்டு வையுங்கள். சாலையோர மணலில் சக்கரத்தை இறக்காதீர்கள். மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் மாவு. பின்சக்கர இழுவை வண்டி இறங்கினால் அச்சு வரை போகும். இறங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிறுத்தி, டயர் காற்றைச் சாலை அளவில் பாதிக்குக் குறைத்து, சக்கரத்துக்குப் பின்னால் மணலை வாரி, கால்மிதியோ தென்னை மட்டையோ போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். காற்றைத் திரும்ப ஏற்ற 12 வோல்ட் பம்ப் இல்லாமல் காற்றை இறக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் ஒன்றரை நாளுக்கு வீட்டுச் சாமானே போதும். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை, பருப்புத் துவையல், சீப்புச் சீடை, தேங்குழல், ஒரு டப்பா உப்புக்கண்டம். நம் வீடுகளில் பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த சாமான் எல்லாமே பிரிட்ஜ் இல்லாத காலத்துக்கு ஏற்பட்டவை, வேனுக்கு அப்படியே பொருந்தும். அதன் பிறகு கரையில் வாங்குங்கள். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறை உண்டு. நாட்டுப்படகு வந்த காலையில் மீன் கூடுதல் புதுசு, பெரும்பாலும் அன்றைக்கு விரித்த வலையில் பட்டதாக இருக்கும். ஏலம் முடிந்ததும் சில்லறையாகக் கூறு வைத்து விற்கும் பெண்களிடம் வாங்கி, அங்கேயே ஆய்ந்து கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் கூலி சொற்பம், வேனுக்குள் செதில் ஒட்டினால் படும் பாடு பெரிது. செவுள் சிவந்திருக்க வேண்டும், வயிறு அமுங்கினால் திரும்ப எழ வேண்டும். நண்டு கைக்குக் கனமாக இருக்கட்டும், சினை நண்டை விட்டுவிடுங்கள். நம் ஊரில் வஞ்சிரம் என்று கேட்பதை ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றும், குமரியில் நெய்மீன் என்றும் கேட்க வேண்டும்.

மீன் குழம்புக்கு அளவு இது: மூன்று பேருக்கு முக்கால் கிலோ பாறை மீன் அல்லது விளமீன், சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு, எலுமிச்சை அளவு புளி, மிளகாய்த்தூள் ஒன்றரை, மல்லித்தூள் மூன்று மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் நாலு. ராமநாதபுரம் முண்டு மிளகாயை வழியிலேயே வாங்கி வறுத்து நுணுக்கினால் நிறமும் மணமும் வேறு. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு மீனைப் போட்டு, ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். அடுப்பை வண்டிக்கு வெளியே, காற்றுமறைவில் வையுங்கள். மெத்தையில் ஏறிய மீன் வாடை பயணம் முடியும் வரை இறங்காது. ஐஸ் பெட்டியின் அடியில் விளிம்புள்ள தட்டு ஒன்று வேண்டும். மீன் ஐஸ் உருகிய உப்புநீர் தரைத் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் இறங்கினால் துரு வெளியே தெரியும்போது தகடே இருக்காது.

கீழக்கரையில் நிறுத்தித் தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டியது, எண்ணெய் மிதக்கும், நாலைந்து நாள் கெடாது. சாயல்குடி தாண்டினால் பனை. தையில் போனால் பனங்கிழங்கு கிடைக்கும், பதநீருக்கும் நுங்குக்கும் வெயில் காலம் வர வேண்டும். தூத்துக்குடியில் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்ந்த மக்ரூன். காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் கடல் ஈரத்தில் மறுநாளே பிசுபிசுத்துவிடும்.

திருச்செந்தூரைச் சுற்றிச் செம்மணல் தேரியைப் பார்க்காமல் போகாதீர்கள். குதிரைமொழித் தேரியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் வரை வண்டி போகும், சுனையும் நிழலும் உண்டு, அப்பத்தா அங்கே உட்காரட்டும். நீங்கள் மேட்டில் ஏறி நடக்கலாம், ஆனால் கோயில் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள். எல்லா மேடும் ஒன்று போலிருக்கும், காற்றில் கால்தடமும் மறைந்துவிடும். பக்கத்து உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள். உடைத்தால் உள்ளே பளபளவென்று சர்க்கரைப் படிகமாக மின்னினால் கலப்படம் என்று சந்தேகப்படலாம்.

மணப்பாட்டில்தான் நீங்கள் கேட்ட கரை. கடலுக்குள் நீண்ட மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. மேட்டின் அடிவாரத்தைச் சுற்றி அலை இறங்கிய நேரத்தில் நடக்கலாம். இந்தக் கல் சுண்ணாம்பு பிடித்து இறுகிய மணல்தான், விளிம்பின் அடியைக் கடல் குடைந்திருக்கும். மேலே நின்று எட்டிப் பார்ப்பவர் விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், அன்று புது மீன் எதிர்பார்க்க வேண்டாம். முட்டத்தில் பாறை வேறு, கடினக் கல், மேலே செம்மண், கலங்கரை விளக்கம். அங்கே ஆபத்து கல் உடைவதில் இல்லை, பாசியில் வழுக்குவதில். கறுப்பாக, ஈரமாக, பச்சை ஓரத்தோடு தெரியும் பாறையில் கால் வைக்கக் கூடாது. ரப்பர் அடி வைத்த, கட்டிய ஷூ வேண்டும், செருப்பு ஆகாது.

இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது கள்ளக்கடலுக்கு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து அடிக்கும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தார்கள், கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள் அது. ஹைதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. குமரிக்குள் நுழையுமுன் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று பாறைப் பக்கமே வேண்டாம், வட்டக்கோட்டைக்குப் போய்க் கோட்டைச் சுவரின் மேல் நடங்கள். மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் எப்படியும் கிடைக்கும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

மருந்துப் பெட்டியில் வினிகர் ஒரு பாட்டில் வையுங்கள். சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் தேய்க்காமல், நன்னீர் ஊற்றாமல், முதலில் வினிகர். பெட்டிச் சொறிக்கு அது நிச்சயம் உதவும், மற்ற வகைகளில் பலன் ஒரே மாதிரி இராது. திருக்கை முள்ளோ ஓரா மீன் முள்ளோ குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணிக்கு மேல் காலை ஊற வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு அடைத்தாலோ மூச்சு வாங்கினாலோ ஊற வைக்கக் காத்திருக்காதீர்கள். பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் எடுக்கவோ வாங்கவோ கூடாது. செத்துக் கரை ஒதுங்கிய பவளமும் வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்திதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, யாராவது படகில் இறக்கிவிடுகிறேன் என்றாலும் ஏறாதீர்கள்.

திரும்ப நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை வழியாக நல்ல சாலை, ஒரே பகலில் காரைக்குடி வந்துவிடலாம். வந்த அன்றே, சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, லிப்டில் ஏற்றி அடிப்பக்கத்தை நன்னீரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். சக்கர வளைவின் உட்பக்கம், ஹேண்ட்பிரேக் கேபிள், சஸ்பென்ஷன் போல்ட், சைலன்சர் மாட்டிய கொக்கி, இந்த நாலு இடத்தில்தான் உப்பு ஒளிந்திருக்கும். பேட்டரி முனையைத் துடைத்து வாசலின் தடவி, பிரேக்கை நாலைந்து முறை மிதித்துக் காயவிட்ட பிறகு நிறுத்துங்கள். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் ஒரு வாரம் கழித்து எடுக்கும்போது சக்கரம் சுற்றாது.